தமிழ் ஆள் வேண்டாம்

1. என்னை எடுத்த காரணம்

ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பொறுப்பாளர் க்றூகர் என்னைத் தனியே கூப்பிட்டார். "உங்கள் மொழிக்காரர் இங்கே வருகிறார்கள். எங்களிடம் சொல்லாததை உங்களிடம் சொல்வார்கள். அதை எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள்" என்றார். அவர் ஜெர்மனில் எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும், தமிழில் இதற்குக் கோள் சொல்வது என்றுதான் பெயர். ஆனாலும் எனக்கு வேலை வேண்டியிருந்தது. தலையாட்டினேன்.

எங்கள் நிறுவனம், வேலையில்லாதவர்களுக்கு உதவிப்பணம் கொடுக்கும் அரச அலுவலகமான ஜொப்சென்டருக்காகப் பயிற்சி வகுப்புகள் நடத்தியது. அந்த வகுப்புக்கு மாஸ்நாமெ என்பார்கள். நோயாளிகள், உடற்குறைபாடு உள்ளவர்கள் என்று வேலையில்லாத பலரை அங்கே அனுப்புவார்கள். விரும்பினால் வரலாம் என்ற கதையே இல்லை. வராமல் விட்டாலோ, கொடுத்த வேலையைச் செய்ய மறுத்தாலோ தகுந்த காரணம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் உதவிப்பணத்தில் வெட்டு விழும். அவர்களுக்கு உதவி செய்ய என்று என்னைப் போட்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி மேலே அறிவிப்பதும் நானேதான். இப்படி ஒரு ஆளை யார் நம்புவார்கள் என்று அப்போது எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

2. அக்கா எந்த ஊர்?

அப்படி அனுப்பப்பட்ட தவராசாவுக்கு ஐம்பது வயது இருக்கும். உணவகச் சமையலறையில் நெடுநாள் வேலை செய்து, பிறகு நின்றுவிட்டவர். நாரிநோ, அதாவது முதுகுவலி, என்று பைலில் இருந்தது. முதல் சந்திப்பில் நான் அவரிடம் கேட்டதைவிட அவர் என்னிடம் கேட்டதுதான் அதிகம்.

"அக்கா எந்த ஊர்?"

சொன்னேன்.

"இஞ்சை எந்தக் கோயிலுக்குப் போறனீங்கள்? சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ?"

எங்கள் ஆட்கள் சந்தித்தால் கேட்கிற கேள்விகள்தானே. நானும் குஷியாகிவிட்டேன். இன்ன கோயில், தம்பி கொலோனில், மச்சாள் பிரான்சில், பரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் புடவைக்கடை என்று வரிசையாக அவிழ்த்தேன். நெருங்கி வருகிறோம் என்று எனக்கு நினைப்பு. அவர் முகமோ இறுகிக்கொண்டே போனது.

"அப்ப உங்களுக்கு எல்லாரையும் தெரியும்" என்றார். பிறகு, "குறை நினையாதேங்கோ அக்கா. எனக்கு வேற ஆள் இல்லையோ? வெள்ளை ஆள் எண்டாலும் பரவாயில்லை" என்று கேட்டார்.

அவருக்குத் தெரிந்தது சட்டி பானை கழுவுகிற அளவு ஜெர்மன். அதை வைத்துக்கொண்டு என்னை வேண்டாம் என்கிறாரே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏதோ ஒளிக்கிறார் என்று அப்போதே முடிவு கட்டினேன்.

3. துளையிடும் மெஷின்

பட்டறையில் பலகைக்குத் துளை போடுகிற மெஷின் ஒன்று நின்றது. தவராசா அதற்குக் கிட்டப் போகமாட்டார். நாரிநோ என்றால் இருந்து வேலை செய் என்று பயிற்றுநர் ஓர் உயரமான கதிரையையே கொண்டுவந்து வைத்தார். இவர் கதிரையைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

க்றூகர் என்னிடம் வந்தார். "இந்த ஆள் எங்கேயோ கறுப்பில், கணக்கில் காட்டாமல், வேலை செய்கிறார். அதுதான் இங்கே களைப்பு. கேட்டுப் பாருங்கள்." உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. சில காலைகளில் அவர் வரும்போது கண்கள் செருகி, நாக்குத் தடுமாறும்.

ஜொப்சென்டரிலிருந்து கடிதம் வந்தது. பயிற்சியை மறுத்ததற்குக் காரணம் எழுது, இல்லாவிட்டால் பணம் வெட்டப்படும். வீட்டில் நான்கு பேருக்கு அந்தப் பணம்தான் சாப்பாடு. நான் வலியப் போய்க் கேட்டேன். "என்ன காரணம் எழுதப் போறீங்கள்?"

"நாரிநோ எண்டு எழுதுங்கோ."

"அதை ஒருத்தரும் எடுக்கமாட்டினம் தம்பி."

"அப்ப வெட்டட்டும்" என்றார்.

4. கோப்பி இடைவேளை

இரண்டொரு நாள் கழித்து, கோப்பி மெஷின் இருந்த சின்ன அறையில் தடாலென்று ஒரு சத்தம். ஓடிப்போனேன். தவராசா தரையில் கிடந்தார். கை கால் இழுத்து வெட்டியது, வாயோரம் நுரை. முதலுதவி வகுப்பில் படித்தது கைக்கு வந்தது. கதிரையைத் தள்ளி, என் சால்வையைத் தலைக்குக் கீழே வைத்து, இழுப்பு நின்றதும் பக்கவாட்டில் திருப்பிவிட்டேன்.

கண் திறந்ததும் என்னைப் பார்த்தார். எங்கே இருக்கிறேன் என்றுகூடக் கேட்கவில்லை.

"தமிழ் ஆக்கள் ஆரும் பாத்தவையோ?"

"ஒருத்தரும் இல்லை" என்றேன். பிறகு, "நான் மட்டும்தான்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிப்புக்காரனைச் சுழலும் மெஷினுக்கு முன்னால் இருத்தத்தானே கதிரை கொண்டுவந்து வைத்தோம்.

அம்புலன்ஸ் வேண்டாம், வலிப்புக் குளிசை இருக்கிறது என்றார். சில காலைகளில் அவர் கண் செருகியதும் அந்த மருந்தால்தான். ஜொப்சென்டரில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அங்கை போனிலை மொழிபெயர்த்ததும் ஒரு தமிழ்ப் பிள்ளை. எனக்கு வாய் வரேல்லை. நாரிநோ எண்டு சொல்லிப்போட்டன்." மகளுக்குப் பரிசில் கலியாணம் பேசுகிறார்களாம். "வலிப்புக்காரன்ர பிள்ளையை ஆர் எடுப்பினம் அக்கா? உங்கட மச்சாள் வேற அங்கைதான் கடை வைச்சிருக்கிறா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் உறவு கொண்டாடிய ஒவ்வொரு பெயரையும் அவர் தன் கதை போகக்கூடிய பாதை என்று பார்த்திருக்கிறார்.

5. ஒரு போன்

ஜொப்சென்டருக்காகச் சோதிக்கிற டொக்டரிடம் போகலாம் என்று விளக்கினேன். நோயின் பெயர் டொக்டரோடு நின்றுவிடும். என்ன வேலை செய்யக்கூடாது என்பது மட்டும்தான் ஜொப்சென்டருக்குப் போகும்.

"உதெல்லாம் சொல்லுவினம். மொழிபெயர்க்க வாறதும் தமிழ் ஆள்தானே."

"நான் வரட்டோ?"

"பாப்பம்" என்றார். டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், மட்டும் எடுத்து வைத்து என் நம்பரையும் கொடுத்தேன்.

டெர்மினுக்கு முதல் நாள் பின்னேரம் எனக்கு ஒரு போன் வந்தது. ஒரு பெண்.

"அக்கா, நான் பரிசிலை இருந்து கதைக்கிறன். தவராசா அண்ணையின்ர மகளை எங்கட பெடியனுக்குப் பாக்கிறம். அவர் நீங்கள் வேலை செய்யிற இடத்துக்குத்தானே வாறவர்? ஏதும் வருத்தம் இருக்கோ?"

"வேலையிடத்துக் கதை நான் கதைக்கிறேல்லை பிள்ளை."

"நல்ல சுகமா இருக்கிறார் எண்டு மட்டுமெண்டாலும் சொல்லுங்கோ."

"அதுவும் சொல்லமாட்டன். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை."

"மச்சாளிட்டைக் கேட்டுத்தான் நம்பர் எடுத்தனான்."

"மச்சாளுக்கும் இதுதான் பதில்" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் யோசித்தேன். ஒன்றுமில்லை என்று சொல்லாமல் விட்டதே காட்டிக் கொடுத்ததாகிவிட்டதோ?

மறுநாள் டொக்டரின் வாசலுக்குத் தவராசா வந்தார். பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"நேற்று உங்களுக்குப் போன் எடுத்தது என்ர மனிசி" என்றார். "பரிசிலை இருந்து இல்லை. எங்கட வீட்டுக் குசினிக்குள்ளை நிண்டு எடுத்தவா. நான் பக்கத்திலைதான் நிண்டனான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இந்த வயதிலை என்னை வைச்சு விளையாடுறியளோ? நான் வாயை விட்டிருந்தால்?"

"இண்டைக்கு வந்திருக்கமாட்டன். காசை வெட்டினால் வெட்டட்டும் எண்டு வீட்டிலை இருந்திருப்பன். பட்டினி கிடந்தாலும் பிள்ளையின்ர கலியாணம் நடக்கும்தானே."

டொக்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இருவரும் உள்ளே போனோம். தவராசா முதல்முறையாக ஒன்றும் ஒளிக்காமல் கதைத்தார். நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

6. மிச்சம்

சுழலும் மெஷின், ஏணி, அடுப்பு எதுவும் கூடாது என்று அறிக்கை போனது. வெட்டு விழவில்லை. தவராசாவைத் தபால் பிரிக்கும் பகுதிக்கு மாற்றினார்கள்.

க்றூகர் விடவில்லை. "அப்படியானால் முதுகுவலி இல்லை. உங்களுக்கு என்ன நோய் என்று தெரியும்."

"தெரியும்."

"சொல்லுங்கள்."

"டொக்டரே எழுதாததை நான் எப்படிச் சொல்வது?"

அதன்பிறகு அவர் என்னையும் ஒரு மாதிரித்தான் பார்த்தார். எனக்கு அது பழகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தவராசா உண்மையைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் அது அவர் வீட்டு விஷயம், நான் கேட்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எங்கள் ஆள் ஒருவர் முன்னால் வந்து இருந்தால், வேறு ஆளும் இருக்கிறார், விருப்பமானவரைத் தெரிவு செய்யலாம் என்று முதலில் சொல்லுங்கள். "பயப்பிடாதேங்கோ, நான் உங்கட ஆள்தான்" என்று மட்டும் தொடங்காதீர்கள். அவர் பயப்படுவதே அதற்குத்தான்.