பட்டம்மாள் நீட்டிய ஃபட்ஜ்

ஜோதி மேரிக்கு எச்சில் என்றாலே குமட்டும். பிள்ளை தட்டில் மிச்சம் வைத்ததை வழித்துத் தின்னாத அம்மாக்காரி கடலூரில் இவள் ஒருத்திதான். மகன் ஆண்ட்ரூவின் தட்டைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கழுவுவாள். பிறந்தநாள் வீடுகளில் அவளுக்கு ஆகாதது கேக் அல்ல, அதை ஊட்டிவிடும் கூத்து. ஒரே விரல் மாமன் வாய்க்குள் போகும், மூக்கொழுகும் குழந்தை வாய்க்குள் போகும், கடைசியில் க்ரீமும் எச்சிலும் வழிய இவள் உதட்டருகே வந்து நிற்கும். சீ! அந்த நேரம் பார்த்து அடுப்படிக்குள் நழுவிவிடுவாள்.

ஆண்ட்ரூவின் நிச்சயதார்த்தத்தில் நழுவ முடியாது. பெண் வினோதினி சிதம்பரத்து இந்துக் குடும்பம். காதல். இரண்டு வீட்டையும் சம்மதிக்கவைக்கப் பிள்ளைகள் படாத பாடு பட்டார்கள். பெண்ணின் அம்மா பட்டம்மாள் அரைமனதாகத்தான் தலையாட்டியிருந்தாள்.

அதனால் கேக்கே வேண்டாம் என்று முடிவு செய்தாள் ஜோதி மேரி. வெண்ணெயையும் வெள்ளைச் சாக்லேட்டையும் சிறுதீயில் உருக்கி, கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிக் கிளறினாள். பட்டையும் சுக்கும் மணக்கும் பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டு, தட்டில் அழுத்தி ஃபிரிட்ஜில் வைத்தாள். இறுகியதும் அந்த ஃபட்ஜைத் துண்டு போட்டு ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றினாள். அவரவர் பிரித்து அவரவர் தின்னட்டும். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மோதிரம் மாற்றி முடிந்ததும் பட்டம்மாள் ஒரு துண்டைப் பிரித்தாள். கிள்ளி ஆண்ட்ரூவுக்கு ஊட்டினாள். அடுத்து ஜோதி மேரியின் நாத்தனார் அந்தோணிமேரிக்கு. அவள் எந்நேரமும் வெற்றிலையும் புகையிலையும் அதக்குகிறவள். அந்தச் செக்கச்செவேல் வாய்க்குள் பட்டம்மாளின் விரல் போய் வந்தது.

"சம்பந்திம்மா, வாயத் தொறங்க!"

விரல் நுனியில் சிவப்பாக ஈரம். மீதித் துண்டிலும் அதே சிவப்பு. ஜோதி மேரி முகத்தைச் சுளித்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கிவிட்டாள்.

நீட்டிய கையைப் பட்டம்மாள் மெல்ல இறக்கினாள்.

"எங்க கையால சாப்புட மாட்டீங்களா? அன்னிக்கு எங்க வூட்ல குடுத்த காப்பியயும் தொடாம வச்சிட்டு வந்தீங்க. ஆறிப்போச்சி போலன்னு நெனச்சிக்கிட்டேன். இப்பதான் புரியுது. வினோ, பைய எடு. கெளம்பலாம்."

அன்றைய காப்பி டம்ளர் விளிம்பில் யாரோ குடித்த கறை காய்ந்திருந்ததை ஜோதி மேரி எப்படிச் சொல்வாள்? அவள் அம்மா கூலி வேலைக்குப் போன வீடுகளில் டம்ளர் தரமாட்டார்கள். குனிந்து கையேந்தித்தான் தண்ணீர் குடித்தாள். அவள் பெற்ற மகளைப் பார்த்தா இந்தக் கேள்வி? வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. வினோதினி அழாமல் நிற்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

ஜோதி மேரி பாய்ந்து பட்டம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தாள். விரலோடு சேர்த்து அந்தத் துண்டை வாய்க்குள் வாங்கிக்கொண்டாள். சுக்கும் தெரியவில்லை, பட்டையும் தெரியவில்லை. புகையிலைதான் நாக்கில் ஏறியது. கண்ணை மூடி விழுங்கினாள். அடுத்த நொடி வாஷ்பேசினுக்கு ஓடினாள். உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தது.

பின்னாலேயே வந்து நின்ற பட்டம்மாளின் முகம் இறுகியிருந்தது.

"உங்க கை இல்ல சம்பந்திம்மா," என்று ஓங்கரிப்புக்கு நடுவே அழுதாள் ஜோதி மேரி. "என் நாத்தனா எச்சி. நான் பெத்த புள்ள எச்சியக்கூட இதுவரைக்கும் தின்னதில்ல. சத்தியமா."

பட்டம்மாள் தன் விரலைப் பார்த்தாள். சிவப்பைப் பார்த்தாள். திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். வெற்றிலைக் குதப்பலைத் துப்பாமலேயே அந்தோணிமேரி இன்னொரு ஃபட்ஜை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். பட்டம்மாளும் முகத்தைச் சுளித்தாள்.

"அய்ய! மொதல்லயே சொல்றதுக்கு என்னா?" என்று சோப்பை எடுத்துக் கையை மூன்று முறை தேய்த்துக் கழுவினாள். ஜோதி மேரிக்கு மறுபடி குமட்டவே, ஈரக்கையால் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வினோ," என்று கூடத்தைப் பார்த்துக் கத்தினாள். "பைய உள்ள வை. கெளம்ப நேரமாவும்."