வில்வ இலை போட்ட கல்

இந்த நாட்டில் மஞ்சள் என்றால் பயம். நான் வேலை செய்யும் ஆராய்ச்சி நிலையத்தில் கதிர்வீச்சுக் கழிவை அடைக்கும் பீப்பாய் மஞ்சள், அதைத் தொடும் கையுறை மஞ்சள், தாண்டக் கூடாத கயிறும் மஞ்சள். கனடாவுக்கு வந்து ஆறு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கடிதாசி வந்தால் பிரிக்கும் முன்பே சிரிக்கிற ஊர்க்காரன் நான். இங்கே மஞ்சளைக் கண்டால் இரண்டடி பின்னால் போவதற்குச் சம்பளம் வாங்குகிறேன்.

போன ஏப்ரலில், பனி உருகிய வாரம், மேலதிகாரி டக்ளஸ் முகம் வெளுத்து ஓடி வந்தார். வேலிக்கு வெளியே, காட்டோரம், பழைய குழி ஒன்று உண்டு. நிலையம் தொடங்கிய காலத்தில் அதில் கழிவைப் புதைத்து, மண் மூடி, அடையாளத்துக்கு ஒரு கான்கிரீட் கல் நட்டிருந்தார்கள். அந்தக் கல்லின் மேல் யாரோ மஞ்சள் தூள் கொட்டியிருக்கிறார்களாம். யுரேனியத் தாதுவிலிருந்து எடுக்கும் தூளும் மஞ்சள்தான். பாதையை அடைத்துவிட்டார்கள். கதிர்வீச்சை அளப்பது என் வேலை, அதனால் கருவியோடு என்னை அனுப்பினார்கள்.

முகமூடியும் வெள்ளை அங்கியுமாகப் போய்க் குனிந்தேன். தூளை யாரும் கொட்டவில்லை, தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசியிருந்தது. கீழே வாடிய காட்டுப்பூ. கல்லில் கதிர்வீச்சின் சின்னம் பொறித்திருக்கும்: நடுவில் ஒரு வட்டம், சுற்றி மூன்று இதழ். ஒவ்வோர் இதழிலும் குங்குமப் பொட்டு. இந்தப் பக்கத்தில் குங்குமம் வைத்திருக்கும் வீடு ஒன்றுதான்.

என் மனைவி சரோஜா, அத்தை மகள். இரண்டு வருடத்துக்கு முன் லீவில் ஊருக்குப் போய்க் கட்டிக்கொண்டேன். எங்கள் சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரேணிகுண்டாவில் ரயிலேறி, பனி தொடங்கும் முன்தான் இங்கே வந்து சேர்ந்தாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன? ஆந்திராவும் சென்னை ராஜ்யமும் எல்லை பிரித்துக்கொண்ட காலத்தில், சர்வேக்காரர்கள் எங்கள் கழனி வரப்பில் ஒரு கல் நட்டார்கள். ஒரு பக்கம் தெலுங்கு எழுத்து, மறுபக்கம் தமிழ் எழுத்து. அடுத்த வெள்ளிக்கிழமையே ஊர்ப் பெண்கள் அதற்கு மஞ்சள் பூசிவிட்டார்கள். அளவு பிசகிவிட்டது, பிடுங்கி நடணும் என்று வந்தவர்களின் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு என் அத்தை, “மொளச்ச சாமிய எவன்டா புடுங்கறவன்?” என்றாள். கல் அங்கேயே நின்றது. கழனி ஆந்திராவில், கிணறு சென்னை ராஜ்யத்தில். நைனா இரண்டு தாலுகா ஆபீசுக்கும் நடந்தே ஓய்ந்துபோனார்.

கருவியைத் திருப்பித் தராமல் வீட்டுக்கு ஓடினேன். வேலை போகக்கூடிய தப்பு அது.

“அந்தக் கல்லாண்ட போனியா?”

“இன்னாத்துக்கு மாமா இப்டி கத்தற? பாப்பாவுக்கு மூணு நாளா ஜொரம். வில்வ எல போட்ட கல்லு, காட்டுல ஒண்டியா நின்னுக்கினு இருந்துச்சு. காளாஸ்திரி சாமி இங்கயும் வந்துட்டாருன்னு பூச வெச்சேன்.”

“அதுல எழுதியிருக்கறத பாக்கலியா?”

“இங்கிலீசு எனக்கு இன்னா தெரியும்? எலதான் தெரிஞ்சிது.”

“அங்கருந்து எதுனா எடுத்துக்கினு வந்தியா?”

சாமி படத்தின் அடியைக் காட்டினாள். ஒரு தீப்பெட்டி நிறைய மண். “பாப்பா நெத்தியில துளி வெச்சேன். ஜொரம் எறங்கிடுச்சு” என்றாள்.

மகளின் நெற்றியில் கருவியைப் பிடித்தேன். டக் டக் சத்தத்துக்கு அவள் சிரித்தாள். எங்கும் இருக்கிற அளவுதான் காட்டியது. நம்பாமல் விரல், உதடு, தலைமயிர் என்று மூன்று முறை பார்த்தேன். பிறகு தீப்பெட்டி. அங்கே முள் கொஞ்சம் மேலே ஏறி நின்றது. ஆபத்தில்லை, ஆனால் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. அந்தத் துளி ஒன்றும் செய்யாது என்று எனக்குள் கதிர்வீச்சை அளக்கிறவனுக்குத் தெரியும். அப்பனோ இன்றைக்கும் அவள் தும்மினால் நடுங்குகிறான்.

டக்ளஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “எதிர்ப்புப் போராட்டமா?” என்று கேட்டார். கும்பிட்டாள் என்றேன். “கழிவையா?” என்று திகைத்தார். மஞ்சள் எங்களுக்கு மங்கலம், கிருமியைக் கொல்லும் என்று ஏதேதோ விளக்கினேன். ‘பயிற்சி இல்லாத ஒருவர் கல்லைச் சுத்திகரிக்க முயன்றார்’ என்று அறிக்கை எழுதினார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது. அதன் மூலைகளை அவசரமாகப் பார்த்துக்கொண்டேன், வெறும் வெள்ளை.

கல்லில் இருந்து சுரண்டியதையும் தீப்பெட்டியையும் விதிப்படி ஒரு மஞ்சள் பீப்பாயில் போட்டோம். சீட்டு எழுதுவது என் பொறுப்பு. பொருள்: மண், மஞ்சள், குங்குமம். அடுத்த கட்டம், எங்கிருந்து வந்தது. அங்கே என் பேனா நின்றுவிட்டது. மண் இந்த ஊருடையது. சரோஜா கொண்டுவந்த மஞ்சள் எங்கள் கழனியில் விளைந்தது, அதற்குப் பாய்ந்த தண்ணீர் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர். கடைசியில் ‘வீடு’ என்று எழுதினேன். டக்ளஸ் அதைப் படித்து, தலையாட்டி, பக்கத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் எண்ணைச் சேர்த்தார்.

பீப்பாய் இப்போது மணலுக்கு அடியில் இருக்கிறது, நாங்கள் எல்லோரும் போன பிறகும் இருக்கும். அந்த வழியாகப் போகும்போது கருவியைக் கையில் பிடித்தபடியே தொப்பியைக் கழற்றுகிறேன். தலை அரிக்கிறதா என்று டக்ளஸ் கேட்கிறார். ஆமாம் என்கிறேன்.