கன்சர்வென்சி லேன்

பெங்களூர் ஜீவனஹள்ளியில் செண்பகத்தின் வீட்டுக்கு ஒரே வாசல்தான். அது பெரிய வீடுகளின் பின்சுவர்களுக்கு நடுவே ஓடும் எட்டடிச் சந்தில் திறக்கும். சந்து தன் வீட்டுக் கொல்லைதான் என்றும், அதன் முனையில் இரும்பு கேட் போடப்போவதாகவும் முன்வீட்டுக் கோவிந்தப்பா சொல்லிவிட்டார். கேட் வந்தால் அறுபத்தெட்டு வயதில் அவளுக்கு வெளியே போக வழியில்லை.

மகன் கிஷோர் புகார் கொடுத்தான். வார்டு ஆபீஸிலிருந்து மமதா மேடம் பழைய மேப்போடு வந்தார்.

“இந்தச் சந்து பேரு என்னப்பா?”

“செகண்ட் கிராஸ், மேடம்,” என்றான் கிஷோர்.

“மேப்புல அப்படி இல்லியே. கன்சர்வென்சி லேன்னு ஒண்ணு இருக்கு. அது இதுதானா?”

“அது அந்த சைடு மேடம். இது நம்ம ஜாகா,” என்றார் கோவிந்தப்பா.

கன்சர்வென்சி லேன் என்ற பெயரை ஆதார் முகவரியிலிருந்து எடுக்க கிஷோர் ஆறு மாதம் அலைந்திருந்தான். தாத்தா முனிசிபாலிட்டி கிளார்க் என்று மனைவி கிருத்திகாவிடம் சொல்லி வைத்திருந்தான். அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். செண்பகம் பேச முன்னே வந்தாள்.

“அம்மா, வேணாம்,” என்றான் தாழ்ந்த குரலில்.

“வேணாம்னா? நாளைக்கு செவுரு ஏறிக் குதிக்கவா?”

செண்பகம் குனிந்து கோவிந்தப்பா வீட்டுப் பின்சுவரில், முழங்கால் உயரத்தில் தட்டினாள். சிமெண்டு பூசி அடைத்த ஒரு சதுரம்.

“மேடம், எல்லா வீட்டுலயும் இது இருக்கு. நான் கல்யாணமாகி வந்தப்போ இங்க தகரக் கதவு. உள்ள கக்கூஸ் பக்கெட்டு. எங்க மாமனாரு கதவத் தூக்கி அத எடுத்துத் தலையில வெச்சிட்டுப் போவாரு. முன்வாசல்ல அவரு கால் படக்கூடாதுன்னுதான் வெள்ளைக்காரன் பின்னாடி இந்த வழிய விட்டான். கன்சர்வென்சின்னா ஊரச் சுத்தமா வெச்சிக்கிறதாம். வெச்சது நாங்க.”

“அதெல்லாம் பழைய கதைம்மா,” என்றார் கோவிந்தப்பா.

“உங்க கொல்லைன்னா, எங்க மாமனாருக்கு அங்க என்ன வேல சார்?”

மமதா சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டே போனார். பதினொரு சதுரங்கள். மேப்பில் இருக்கும் சந்து இதுதான், கேட் போடக்கூடாது என்று கோவிந்தப்பாவிடம் சொல்லிவிட்டு, கிஷோரிடம் மனுவை நீட்டினார். “அட்ரஸ்ல மேப்புல இருக்கற பேரையே எழுதிக் குடுப்பா.”

பேனா அவன் கையிலேயே நின்றது.

“தாத்தா கிளார்க்குன்னீங்க?” என்றாள் கிருத்திகா.

“கிளார்க்கா? அந்த மனுஷனுக்குக் கையெழுத்தே போட வராதும்மா,” என்றாள் செண்பகம்.

கிருத்திகா சிரித்துவிட்டாள். பிறகு அந்தச் சதுரத்தைப் பார்த்தாள், சிரிப்பு போய்விட்டது. எதையோ கேட்க வந்தவள், கணவனைப் பார்த்து, “எழுதுங்க. மேடம் நிக்கறாங்க இல்ல,” என்றாள்.

கிஷோர் சுவரில் தாளை வைத்து எழுதினான்.