ஆளில்லாமல் குமுளி போன ஜீப்

கூடலூரிலிருந்து குமுளிக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்காரனுக்கு மற்ற மாதங்களில் டயர் தேயும். மார்கழியில் மூளையும் சேர்ந்து தேயும். விடியாத பனியில் வேலைக்குக் கிளம்பும் உங்களுக்கும் இந்தச் சீக்கு இருக்கும். நான் சொல்வது எங்கள் யார் கையிலும் செல்போன் வராத காலம்.

எஞ்சினுக்கு ஒரு காபி

விறைத்துக் கிடக்கும் வண்டிக்கு வெந்நீர் ஊற்றினால்தான் உயிர் வரும். என் மனைவி செல்வி வாசற்படியில் இரண்டு சொம்பு வைப்பாள்: வண்டிக்கு வெந்நீர், எனக்குக் கருப்பட்டிக் காபி. அன்று ஒன்றை ரேடியேட்டரில் ஊற்றிவிட்டு மற்றதை வாயில் வைத்தால் சப்பென்றிருந்தது. பானட்டுக்குள்ளிருந்து கருப்பட்டி வாசம் வந்தது. வண்டி முதல் சாவியிலேயே கிளம்பிவிட்டது. செல்வி எட்டிப் பார்த்தாள்.

"வண்டியாச்சும் முழிச்சிருச்சுல்ல, போயிட்டு வாங்க."

பின்சீட்டில் பேச்சில்லை

தோட்டத்துக்குப் போகும் பெண்கள் சோத்துவாளியை ஜீப்பில் வைத்து இடம் பிடித்துவிட்டு, டீக்கடை ஓரம் சருகைக் கொளுத்திக் குளிர் காய்வார்கள். ஹாரன் அடித்ததும் ஏறுவார்கள். அன்று ஹாரன் அடித்தேனா என்பது எனக்கே தெரியாது. திரும்பிப் பார்த்தேன், இருட்டில் வரிசையாக உருவங்கள் தெரிந்தன, கிளம்பிவிட்டேன். யாரோ கத்தியதை மப்ளர் காதுக்குள் விடவில்லை. பாவம், தூங்குகிறார்கள் என்று பள்ளங்களில் பார்த்துப் பார்த்து இறக்கினேன். குமுளி செக்போஸ்ட்டில் மலையாளப் போலீஸ்காரர் உள்ளே டார்ச் அடித்தார். சீட்டெல்லாம் வாளி.

"சோறு வந்நல்லோ, ஆளெவிடெ?"

போட்டி ஜீப்

ஆள் எங்கே, டீக்கடையில்தான் என்று உறைத்ததும் திருப்பிக்கொண்டு வேகமாக இறங்கினேன். நேரம் தப்பினால் தோட்டத்துக் கங்காணி அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். அத்தனை பேருக்கும் கூலி போகும். கோபத்தில் அவர்கள் வேறு ஜீப்புக்கு மாறிவிட்டால் என் பிழைப்பே போகும். நினைத்த மாதிரியே டீக்கடை முன்னால் இன்னொரு ஜீப் காலியாக நின்றது. ஆனால் ஒருத்திகூட ஏறியிருக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "எம்மேல இம்புட்டு நம்பிக்கையாக்கா?" என்று கூட்டத்துக்குத் தலைவியான முத்தம்மா அக்காவிடம் கேட்டேன்.

"அந்த ஜீப்புக்காரக கூப்பிடத்தான் செஞ்சாக. சோறு ஒங்கிட்டல்ல இருக்கு, வேற எங்கன போக?"

மறுநாள்

கங்காணியும் அன்று தூங்கிவிட்டுத் தாமதமாகத்தான் வந்தார், கூலி தப்பியது. ஆனால் மறுநாள் என் ஜீப்புக்கு வருவார்களா? பயந்துகொண்டே போனேன். வண்டி நிற்பதற்குள் முண்டியடித்து ஏறிவிட்டார்கள், இவனை நம்பிக் கீழே நிற்கக்கூடாது என்று. முத்தம்மா அக்கா என் பக்கத்திலேயே உட்கார்ந்து, தலைகளை எண்ணிவிட்டுத்தான் "எடு" என்றார். செக்போஸ்ட்டில் அதே போலீஸ்காரர், அதே டார்ச்.

"இன்னு ஆளுண்டு. சோறெவிடெ?"

டீக்கடை ஓரத்தில் வரிசையாகக் குளிர் காய்ந்துகொண்டிருந்த வாளிகளை எடுக்க ஜீப்பைத் திருப்பியபோது, மார்கழிப் பனி டிரைவர் தலையில் மட்டும் பெய்வதில்லை என்பதை முத்தம்மா அக்கா உட்பட எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.