பெங்காலி ரத்தமா, நெமிலிச்சேரி ரத்தமா?

மருத்துவமனை நடையில் காத்திருந்த பதினோரு பேரின் செருப்புகளை மிட்டு ஜோடி மாற்றி வைத்துவிட்டாள். எங்கள் டோக்கன் வருவதற்குள் இவ்வளவும் நடந்தது. திட்டியவர்களிடம் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். உண்மையைச் சொன்னால், அதில் நான்கு ஜோடியை மாற்றியது நான்.

மிட்டு என் அக்கா மகள். அப்போது, தொண்ணூற்றைந்தில், ஏழு வயது. அக்கா செல்வி காதலித்துக் கட்டிக்கொண்டது ஆவடி தொழிற்சாலையில் வேலை செய்யும் பிமல் என்ற பெங்காலியை.

மிட்டு வகுப்பில் இரண்டு நிமிடம் உட்கார மாட்டாள். தொடங்கிய வரியை முடிக்க மாட்டாள். "திங்கட்கிழமைக்குள் டாக்டர் கடிதம் வேண்டும், இல்லையென்றால் டி.சி.தான்" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்பே வீட்டில் தீர்ப்பு வந்தாகிவிட்டது. நெமிலிச்சேரிக்காரரான எங்கள் அப்பாவுக்கு, அதாவது நைனாவுக்கு, அது பெங்காலி ரத்தம். கல்கத்தாவிலிருந்து பிமல் வீட்டார் எழுதும் இன்லண்ட் லெட்டர்களில் அது மதராஸி ரத்தம். நடுவில் அக்கா அழுவாள்.

டாக்டர் அம்மா மிட்டுவோடு அரை மணி நேரம் விளையாடினார். பிறகு நைனா, பிமல், அக்கா, நான் என்று எங்கள் நால்வரையும் பார்த்தார். "குடும்பத்துல வேற யாருக்காவது சின்ன வயசுலேர்ந்து இப்படி இருந்திருக்கா?"

"எங்க பரம்பரையிலயா? ஒருத்தன் கெடையாதும்மா. எல்லாம் மண்ணு மாரி அடக்கம்" என்றார் நைனா.

"நம்ம பக்கமும் யாரும் இல்லே. எல்லாம் படிச்ச ஆளுங்கோ" என்றார் பிமல்.

"மறைக்காம சொல்லுங்க. அது தெரியாம அவசரமா எழுத மாட்டேன். யோசிச்சுட்டு அடுத்த மாசம் வாங்க."

அடுத்த மாதம் மிட்டுவுக்குப் பள்ளியே இருக்காது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் அதற்குள் மூன்று முறை வெளியே போய்விட்டு வந்திருந்தேன். மேசையிலிருந்த பேனாவைப் பிரித்து ஸ்பிரிங்கைத் தொலைத்திருந்தேன்.

"டாக்டரம்மா, நா ஒருத்தன் கீறேன்" என்றேன்.

"டேய், வாய மூட்றா! மானத்த வாங்காத!"

"இரு நைனா. எட்டாவதுல ரெண்டு வாட்டி ஃபெயிலு. பாடி கம்பெனிங்கள்ல, எஸ்டேட்டு ஃபேக்டரிங்கள்ல, மொத்தம் ஒம்போது வேல. எதுலயும் ரெண்டு மாசம் தாண்டல. லேத்து மிஷின்ல கை இங்க, கண்ணு ஜன்னல்ல. இந்த வெரல் நுனி அப்டிப் போனதுதான்."

சொல்லச் சொல்ல எனக்குக் குஷி ஏறியது. எண்பதுகளில் என் பள்ளிக்கூடத்தில் இதற்கு இருந்த பெயர் திமிர், மருந்து பெல்ட். இப்போது ஒரு டாக்டர் அதைக் குறித்துக்கொள்கிறார்!

பிமல் மெதுவாக வாயைத் திறந்தார். "என்னெ அப்பா ஜன்னல் கம்பிலே கட்டி வச்சு படிக்க சொன்னார்."

"மாமே! நீயுமா?" நான் எழுந்து குதித்தேன். டாக்டர் என்னை உட்காரச் சொன்னார்.

டாக்டர் விளக்கினார். மிட்டுவுக்கு இருப்பது கவனக்குறைவு மிகைச்செயல் கோளாறு (மனம் ஓரிடத்தில் நிலைக்காமல், உடம்பும் அடங்காமல் இருப்பது). இதில் மரபணுவுக்கு (பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் உடம்புக் குறிப்பு) பெரிய பங்கு உண்டு. ஆனால் குடும்பத்தில் இருந்தால் வர வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். வந்தே தீரும் என்றில்லை.

நைனா விடவில்லை. "அப்போ இது அவங்க ரத்தமா, நம்ப ரத்தமா?"

"இதே பெஞ்சுல மார்வாடி, தெலுங்கு, ஆங்கிலோ இந்தியன் புள்ளைங்க எல்லாம் உக்காந்திருக்காங்க. எல்லா ஜனத்துலயும் வருது பெரியவரே. எந்த மரபணுன்னு இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்காங்க. ஒரு எடத்துல டாக்டர்கிட்ட கூட்டிட்டு வராங்க, இன்னொரு எடத்துல அடிச்சுப் போடறாங்க. அடிக்கிற எடத்துல இந்த நோயே இல்லன்னு நெனச்சுக்கறோம்."

நைனா என் விரலைப் பார்த்தார்.

அன்றே கடிதம் கிடைத்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், டாக்டரிடம் போகும்போது குடும்பத்து உருப்படாதவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

மிட்டுவை முன்வரிசைக்கு மாற்றினார்கள். வீட்டில் பத்து நிமிடம் படிப்பு, பிறகு தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் வீடுகளை ஒரு சுற்று ஓட்டம், மறுபடி பத்து நிமிடம். நானும் கூடவே ஓடினேன். சில நாள் எதுவும் நடக்காது, புத்தகம் பறக்கும். மூன்று மாதத்தில் அரைப் பக்கம் ஒரே மூச்சில் எழுதினாள்.

அரையாண்டுத் தேர்வில் தேறினால்தான் அந்தப் பள்ளியில் தொடரலாம் என்றார்கள். அன்று வாசலில் நான் நின்றேன், அக்கா எதிரே மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். மணி அடித்ததும் ஓடி வந்தாள்.

"மாமா, எல்லாம் எழுதிட்டேன்! கடைசி கேள்வி மட்டும் விட்டுட்டேன். காக்கா வந்துச்சு."

"காக்காவுக்கு எவ்ளோ மார்க்கு?"

"போ மாமா!"

தேறிவிட்டாள் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அன்று வீட்டுக்கு நடக்கும்போதே என் கெண்டைக்கால் இரண்டும் வலித்தன. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அக்கா சொன்னாள், நான் ஒன்றரை மணி நேரம் அந்த வாசலை விட்டு நகரவே இல்லையாம். ஒரே இடத்தில் நின்றதால் வந்த வலி. இருபத்திமூன்று வருடத்தில் அப்படி ஒரு வலி எனக்கு வந்ததே இல்லை.