ராமையாவின் தண்ணீர் முறை

இன்று காலை ஒட்டுசுட்டான் வீதியில் என் மோட்டார் சைக்கிளின் பின்சில்லில் ஆணி ஏறிவிட்டது. இறங்கிப் பார்த்தேன். நல்ல துருப்பிடித்த கூரை ஆணி. இப்போதெல்லாம் இதற்குக் கலங்குவதில்லை. இருக்கைக்குக் கீழே அதற்கென்றே ஒரு சின்னப் பை வைத்திருக்கிறேன். குறட்டால் ஆணியைப் பிடுங்கி, துளையை அராவி, பசை தோய்ந்த நார்த்துண்டை ஊசியில் கோத்து உள்ளே குத்தி, வெடுக்கென்று இழுத்தால் ஊசி வெளியே வந்துவிடும், நார் உள்ளே நின்றுவிடும். மிஞ்சியதை வெட்டிவிட்டுக் காற்றடித்து, எச்சில் தொட்டுத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த எச்சில் விஷயத்தை யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். விவசாயப் போதனாசிரியை என்று ஊரில் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருக்கிறது.

எல்லாம் முடிந்து கையை முகர்ந்தால் அந்தப் பசையின் வாசம். மண்ணெண்ணெயும் பழைய செருப்பும் கலந்த மாதிரி ஒரு வாசம். எனக்கு அது பிடிக்காது. அந்த வாசத்தோடு ராமையா அண்ணையின் முகமும் வந்துவிடும், அதனால்தான்.

முதலில் ஆணியைப் பற்றிச் சொல்கிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும். நான் விசுவமடுவில் வளர்ந்தவள். அப்பாவின் சைக்கிள் ரியூப்பில் ரியூப்பை விட ஒட்டுகள்தான் அதிகம். அந்தக் காலத்தில் வன்னியில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் ஒன்று: ரயரில் ஆணியைக் கண்டால் உடனே பிடுங்கு. ஆணியோடு ஓடினால் ரியூப் கிழிந்து நாராகிவிடும். தெரியாதவரின் சைக்கிளில் ஆணியைக் கண்டாலும் மறித்துப் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை. அது உபகாரம்கூட இல்லை, கைப்பழக்கம்.

வேலை கிடைத்து ஒட்டுசுட்டான் பக்கம் போன புதிதில் புது மோட்டார் சைக்கிள் வாங்கினேன். அதன் ரயருக்குள் ரியூப் கிடையாது, ரியூப்லெஸ் என்றார்கள். எங்கள் பக்கத்தில் அப்போது அது புதினம். அதில் ஆணி ஏறினால் பிடுங்கக் கூடாது, ஆணியே அடைப்பாக நின்று காற்றைப் பிடித்துக்கொள்ளும், மெதுவாகக் கடைவரை ஓடிப் போகலாம் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. வண்டியின் சொந்தக்காரியான எனக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் நிறம் நல்ல சிவப்பு என்பதுதான்.

அது கோடையில் நெல் விளைவிக்கிற சிறுபோகக் காலம். குளத்தில் தண்ணீர் குறைவு, அதனால் வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். இன்றைக்கு இவர் வயலுக்கு, நாளைக்கு அடுத்தவர் வயலுக்கு. ஒரு பின்னேரம் கூட்டம் ஒன்று முடிந்து தனியே வந்துகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் காடு. எதிரே மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த ஒருவர் கையைக் காட்டி மறித்தார். மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. அவர்தான் ராமையா அண்ணை.

"மிஸ், பின்னால ஆணி ஏறியிருக்கு. இருங்க, புடுங்கி விட்டுர்றேன்."

நான்தான் வண்டியின் கருவிப் பெட்டியைத் திறந்து குறட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் பிடுங்கினார். உஸ்ஸென்று ஒரு சத்தம். நாங்கள் இரண்டுபேரும் பார்த்துக்கொண்டிருக்கவே ரயர் சப்பளிந்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டது.

"உள்ள டியூப்பே இல்ல போலிருக்கே மிஸ்!" என்றார். பிள்ளையின் விளையாட்டுச் சாமானை உடைத்துவிட்டவர் மாதிரி முகம்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வர அதிகம் தேவையில்லை என்பது என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். "ஏன் அண்ணை பிடுங்கினனீங்கள்? இப்ப நான் என்னெண்டு போறது?" என்று கேட்டேன். குறடு கொடுத்த கையோடுதான் கேட்டேன். அவர் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வீதியோரத்தில் குந்திக்கொண்டார்.

"புடுங்கினது நான்தானே. யான வர்ற பாத. உங்கள விட்டுட்டுப் போகமாட்டேன்."

"நீங்கள் போங்கோ அண்ணை, உங்களுக்கும் வேலை இருக்கும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். போய்விடுவாரோ என்ற பயத்தோடு சொன்ன சொல் அது. குரலிலேயே அது அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் வானத்தைப் பார்ப்பதும் வாய்க்கால் பக்கம் திரும்புவதுமாக இருந்தார். யானை வருகிறதா என்றுதான் பார்க்கிறார் என்று நினைத்தேன். தண்ணீர் முறை நடக்கிற காலத்தில் பின்னேரம் மண்வெட்டியோடு போகிற மனிதன் எங்கே போவான்? அதை ஊருக்கெல்லாம் படிப்பிக்கிறவள் நான். எனக்கு அது உறைக்கவில்லை.

பொழுது சாயும்போதுதான் பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று வந்தது. வண்டியைத் தூக்கி அதன் பெட்டியில் ஏற்றியவரும் அவர்தான். நான் ஏறிக்கொண்டேன். நன்றி சொன்னேனா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஞாபகமில்லை.

பயிர் முற்றியபோது வயல் விழா வைத்தோம். அறுவடைக்கு முன் விவசாயிகளைக் கூட்டி வரம்பு வரம்பாக நடந்து, எது நல்ல விளைச்சல், எங்கே பிழை நடந்தது என்று காட்டுகிற நாள். மேலதிகாரியும் வந்திருந்தார், அதனால் எனக்கு உற்சாகம் அதிகம். வாய்க்காலின் கடைசி வயலில் நெல் வெளிறிப்போய் நிமிர்ந்து நின்றது. மணி பிடித்த கதிர் தலை குனியும். இது குனியவில்லை. ஒரு கதிரை உருவிக் கையில் வைத்து ஊதினேன். பாதிக்கு மேல் பதர், பறந்துவிட்டது.

"ஆரின்ர வயல் இது?"

கூட்டத்தின் பின்னாலிருந்து ராமையா அண்ணை கையைத் தூக்கினார். என் ஆணி பிடுங்கின மனிதர்! எனக்குச் சிரிப்பு வந்தது, தெரிந்தவர் என்ற உரிமையும் வந்தது.

"கதிர் இன்னும் உள்ளுக்க இருக்கிற குடலைப் பருவத்தில ஒரு முறைத் தண்ணி தவறினா இதுதான் கதி. என்ன அண்ணை, தண்ணி வரேக்க நல்ல நித்திரையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "ஆமா மிஸ், கொஞ்சம் அசந்துட்டேன்" என்றார்.

கூட்டம் அடுத்த வயலுக்கு நகர்ந்தது. செருப்பில் ஒட்டிய சேற்றை வரம்பில் தேய்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய மனைவி பக்கத்தில் வந்தார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"அவரு தூங்கல மிஸ். அன்னைக்கு உங்களோட ரோட்டுல நின்னுட்டாரு. அன்னைக்குத்தான் எங்க முறை. போய்ப் பாக்கிறப்ப தண்ணிய மேல் வயலுக்குத் திருப்பிட்டாங்க."

அப்போதே ஓடிப்போய்க் கூட்டத்தின் நடுவில் சொல்லியிருக்கலாம். மேலதிகாரி நின்றார். அடுத்த வயலில் உரத்தைப் பற்றி நான்தான் பேசவேண்டும். அடுத்த கூட்டத்தில் சொல்வோம் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். உரத்தைப் பற்றி அன்று மிக நன்றாகப் பேசினேன் என்று பாராட்டினார்கள்.

அடுத்த கூட்டம் மாரி மழையோடு தொடங்கும் காலபோகத்துக்குத்தான் வந்தது. ராமையா அண்ணை வரவில்லை. அந்த வயல் அவருடையதல்ல, குத்தகை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காணிக்காரரைத் தேடிப் போனேன். மரியாதையாகக் கதிரை போட்டு உட்கார வைத்தார்.

"வேற ஆளுக்குக் குடுத்திட்டன் மிஸ். கவனமில்லாத மனிசன் எண்டு நீங்களே எல்லாருக்கும் முன்னால சொன்னனீங்களாம்."

நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "பாவம்தான். ஆனா இப்ப குடுத்தாச்சே" என்றார். ராமையா அண்ணையின் குடும்பம் வவுனியாப் பக்கம் மகளிடம் போய்விட்டதாகச் சொன்னார்கள். வவுனியாவுக்குப் போகும்போதெல்லாம் விசாரித்தேன். நான் விசாரித்த இடங்களில் அப்படி ஒருவரை யாருக்கும் தெரியவில்லை.

பிறகு எல்லாம் மாறிவிட்டது. வாய்க்காலுக்குக் கொங்கிறீட் போட்டார்கள். தண்ணீர் முறை இப்போது கைபேசியில் வருகிறது. காணிக்காரர் அந்தக் கடைசி வயலை நிரவித் தென்னை வைத்துவிட்டார். ராமையா அண்ணையின் வீடு இருந்த துண்டில் பற்றை வளர்ந்து, கிணற்றுக்கட்டு மட்டும் தெரிகிறது. அவரைக் கண்ணால் கண்டவர்களே இப்போது அந்த வாய்க்காலில் குறைவு.

பேர் மட்டும் போகவில்லை. போன மாதக் கூட்டத்தில் ஒருவர் தன் முறையைத் தவறவிட்டதாகச் சொல்ல, இன்னொருவர், "என்ன, ராமையா மாதிரி நித்திரை கொண்டிட்டியோ?" என்றார். அந்த வாய்க்காலில் அது இப்போது ஒரு சொல்வழக்கு. கூட்டம் முழுக்கச் சிரித்தது. இளம் பொடியன்களும் சிரித்தார்கள்.

நான் எழுந்து நின்று, "அவர் நித்திரை கொள்ளேல்லை. எனக்குக் காவலா றோட்டில நிண்டவர்" என்றேன்.

முன்வரிசையில் இருந்த வயதானவர் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் என்னைப் பார்த்தார்.

"பகிடி விடாதேங்கோ மிஸ். அந்த வயலுக்க நிண்டு சொன்னதே நீங்கள்தானே."