படத்தில் நடுவில் நிற்பவர்

மரியதாஸ் அண்ணை காலமாகிவிட்டார் என்று செவ்வாய்க்கிழமை காலை அவருடைய மனைவி தொலைபேசியில் சொன்னபோது, லண்டன் டூட்டிங்கில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முதலில் வந்தது கோபம். அண்ணையைத் தெரிந்த உங்களிடம் அதை மறைக்க விருப்பமில்லை.

கார் விற்றும், விரும்பியவர்களுக்குக் காரின் வெளிக்கூட்டைக் கையால் கட்டிக் கொடுத்தும் பெயரெடுத்த ஒரு பழைய லண்டன் கம்பனியில் இருவரும் வேலை செய்தோம். நான் உதிரிப்பாகப் பிரிவில். மன்னாரிலிருந்து வந்த அவர், அலுமினியத் தகட்டை அடித்துக் கதவாகவும் சக்கரத்தை மூடும் மட்காட்டாகவும் வளைக்கும் பட்டறையில். அடித்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தகட்டைத் தடவுவார். "கண் ஏமாந்துபோகும் தம்பி, கை பிழையைப் பிடிச்சுப்போடும்" என்பார். கை சரி சொல்லாவிட்டால், மனேஜரே வந்து நின்றாலும் பெயின்ட் அடிக்க விடமாட்டார்.

நாங்கள் ஓய்வு பெற்றபின் கம்பனி தன் வரலாற்றைத் தடித்த புத்தகமாகப் போட்டது. அதை எழுதியவர் பழைய படங்களோடு மூன்று தரம் அண்ணை வீட்டுக்கு வந்தார். ஒரு படத்தில் பத்துப் பேர். மற்ற ஒன்பது பேரின் பெயரையும் அண்ணை ஒன்றுவிடாமல் சொன்னார். நடுவில் மட்காட்டைப் பிடித்தபடி நிற்கும் தன்னைப் பற்றி வாய் திறக்கவில்லை. தன் பெயரைத் தானே சொல்லி எழுதுவிக்க அவருக்குக் கூச்சம். புத்தகம் வந்தபோது ஒன்பது பெயர்கள் இருந்தன. நடுவில் இருப்பவர், 'பெயர் தெரியாத உதவியாள்'. உதவியாளாம்.

"ஏன் அண்ணை சொல்லேல்லை?" என்று அவரிடமே பாய்ந்தேன்.

"என்ரை வீட்டிலை இருந்து என்ரை தேத்தண்ணியைக் குடிச்ச மனிசனுக்கு, நான் ஆரெண்டு நானே சொல்லவேணுமே?"

கம்பனிக்குக் கடிதம் போட்டேன். அடுத்த பதிப்பில் பார்ப்பதாகப் பதில் வந்தது. அண்ணை அதை இரண்டு தரம் வாசித்தார். "பேத்தி புத்தகத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகக் கேட்டவள். வேண்டாமெண்டிட்டன்" என்றார். அடுத்த பதிப்பு இன்றுவரை வரவில்லை.

நல்லடக்கம் முடிந்த மறுநாள் கம்பனியின் ஷோரூமுக்குப் போனேன். வரவேற்பு மேசையில் அந்தப் புத்தகம் கிடந்தது. 'உதவியாளை' வெட்டிவிட்டு, அவர் பெயரையும் தொழிலையும் பேனாவால் எழுதினேன். புத்தகத்தில் எழுதக்கூடாது என்றார் அங்கிருந்த பெண். எழுதவேண்டியவர்கள் எழுதவில்லை என்றேன்.

அண்ணையின் கூச்சம் எனக்கு வேண்டாம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அவர் சொல்லிப் புத்தகத்தில் ஏறிய அந்த ஒன்பது வெள்ளைக்காரரின் பெயர்களை நினைவில் வைத்திருந்த குணத்தை. ஒருவரைக்கூட அவர் மறக்கவில்லை.